உட்கார்ந்தால் நிற்கும் வண்டி

என் அண்ணனுடைய பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே விஷயம்தான். "அந்த சீட் சுவிட்சை மட்டும் கழட்டி விட்டுடுங்க, பெரிய ரோதனையா இருக்கு." புல்வெட்டும் டிராக்டரின் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் அமுங்கும், வண்டி ஓடும். வண்டிக்கு அடியில் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போதோ, பிரேக் போடாமல் இருக்கும்போதோ ஆள் எழுந்துவிட்டால், அந்த நொடியே இன்ஜின் அணைந்துவிடும். கால் பிளேடுக்குள் போகாமல் இருப்பது அந்த சுவிட்சின் புண்ணியத்தில்தான். ஆனால் வழியில் கிடக்கும் ஒரு குச்சியை எடுத்துப் போட இறங்கினால்கூட வண்டி அணைந்துவிடுகிறதே என்று ஆட்களுக்கு எரிச்சல். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டான். "கால் வேணுமா, சோம்பேறித்தனம் வேணுமா, ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிட்டு வாங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிடுவான். நான் உதிரிபாகம் விற்கும் கவுண்டரில் உட்கார்ந்தபடி அதற்கு ஒத்து ஊதுவேன். எனக்கும் அவனுக்கும் ஒரே வாய், ஒரே கோபம். எங்களுக்குத் தெரியாதது இந்தத் தொழிலில் ஒன்றும் இல்லை என்கிற திமிரும் ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் எங்களுக்கு நேர்மாறு. கதவைத் தட்டுவதற்கு முன்னால்கூட யோசித்துவிட்டுத்தான் தட்டுவார். வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் அவருக்கு 'நிதானம்' என்றே பட்டப்பெயர். அதற்கு முன்னால் வேன் ஓட்டினார். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு கிடங்கில் சேர்ந்தார். அங்கேயும் அதே கதை. அவர் வீட்டில் சும்மா இருந்த காலத்தில் நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் அண்ணன்தான் ஆஸ்பத்திரி சூப்பர்வைசரிடம் சொல்லி, புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்த்துவிட்டான். ஆஸ்பத்திரி வண்டிகளெல்லாம் ரிப்பேருக்கு எங்கள் பட்டறைக்குத்தான் வருகின்றன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக இருந்தார்கள். இதுவும் போனால் அவரை நம்பி இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் அவர் ஓட்டும் வண்டி பட்டறைக்கு வந்தது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் அணைந்துவிடுகிறது என்றார்கள். பார்த்தால், சீட் சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தது. அந்த மாடலுக்கு உரியது கைவசம் இல்லை. நான் அலமாரியைத் துழாவி, அச்சு அசலாக அதே மாதிரி இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணன் வண்டியைக் கிளப்பினான். பிரேக்கைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் நின்றபடியே பிளேடையும் சுற்றவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். சத்தம் சுத்தமாக இருந்தது. "சொகுசா ஓடுது, அனுப்பிடு" என்றான்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். முகமெல்லாம் வேர்வை. என்ன என்று கேட்டேன்.

"வண்டி ஒரு மாதிரியா இருக்கும்மா. நான் உக்காந்தா நின்னுடுது. எழுந்துட்டா ஓடுது."

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். "ஏங்க, அது வண்டியா இல்ல உங்க முதலாளியா? நீங்க உக்காந்தாலே அதுக்குப் பொறுக்கலையா?" என்றேன். அவரும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தார். பிறகு, நாள் முழுக்க சீட்டைத் தொடாமல் அரைக்குந்தாக நின்றபடியே புல் வெட்டியதாகச் சொன்னார். வேலையை நிறுத்தினால் கெட்ட பெயர் வருமே என்று பயமாம். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. இந்த மனுஷன் எங்கே போனாலும் ஏதாவது ஒரு வில்லங்கத்தோடுதான் வருவார் என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை பட்டறையில் நல்ல கூட்டம். ஆஸ்பத்திரி பிக்கப் வந்து நின்றது. பின்னால் அந்தப் புல்வெட்டி வண்டி. முன்னால் சூப்பர்வைசர். அவர் பக்கத்தில், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி மடியில் கைகளை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். எனக்கு அப்போதே உடம்பு கூசியது. ஆண்டவா, இத்தனை பேர் இருக்கும்போதா என்று நினைத்தேன். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைக்கவில்லை. என் மானம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சூப்பர்வைசர் இறங்கியதும் அண்ணனிடம், "உங்க மாப்பிள்ளை வண்டி மேல நின்னுக்கிட்டு ஓட்டறார். நோயாளிங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்கறாங்க. கேட்டா, உக்காந்தா வண்டி நின்னுடுதுங்கறார். வண்டில கோளாறா, ஆள்ல கோளாறா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றார்.

அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. சிபாரிசு செய்தவன் அவன். ரிப்பேர் செய்தவனும் அவன். வண்டியை இறக்கச் சொன்னான். பிரேக்கைப் பூட்டினான், சாவியைத் திருகினான், பிளேடு லீவரை இழுத்துவிட்டான். பிளேடு உறுமிக்கொண்டு சுற்றியது. அண்ணன் இரண்டு எட்டு பின்னால் வந்து, வித்தை காட்டுகிறவன் மாதிரி கைகளை விரித்தான்.

"நல்லா பாத்துக்கங்க சார். ஆளே இல்லாம ஜம்முனு ஓடுது. ஆள் உக்காந்தா மட்டும் நின்னுடுமா? வண்டிக்கு எங்க மாப்பிள்ளையைப் பிடிக்கலை போலிருக்கு!"

பட்டறையே கொல்லென்று சிரித்தது. சூப்பர்வைசர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அதுவும் எப்படி! கவுண்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் பக்கம் நின்றால் என்னையும் சேர்த்து அல்லவா சிரிப்பார்கள்? நான் கெட்டிக்காரர்கள் பக்கம் நின்றுகொண்டேன்.

என் வீட்டுக்காரர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, "மச்சான், ஒரே ஒரு தடவை நீங்க உக்காந்து பாருங்களேன்" என்றார்.

"நான் எதுக்கு மாப்ள உக்காரணும்? சத்தத்தை வச்சே வண்டிக்கு என்ன சீக்குன்னு சொல்றவன் நான்."

அவர் என்னைப் பார்த்தார். "நீயாவது உக்காந்து பாரேன்மா."

"போதும்ங்க. இருக்கற கொஞ்சநஞ்ச மானத்தையும் வாங்காதீங்க. பேசாம தப்பை ஒத்துக்கிட்டு, சார்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

சீட் காலியாகவே இருந்தது. அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தர்கூட அதில் உட்காரவில்லை. சூப்பர்வைசர், "சரிப்பா, நாளைலேர்ந்து நீங்க வரவேண்டாம். வண்டியைச் சாயங்காலம் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன், கழுவி மட்டும் வைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் வீட்டுக்காரர் தெருவில் இறங்கி நடந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். அந்த நடையைப் பார்த்துக்கூட எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். வண்டியைக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டறைக்குள் வண்டிகளை நகர்த்துவது என் வேலைதான். ஏறி உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருகினேன், கிளம்பியது. நகர்த்தலாம் என்று பிரேக்கை விட்டேன். பட்டென்று அணைந்துவிட்டது.

மறுபடி கிளப்பினேன். மறுபடி அணைந்தது. சனியன், பெட்ரோல் இல்லையோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன், இருந்தது. மூன்றாவது தடவை கோபத்தில் பாதி எழுந்துகொண்டே பிரேக்கை விட்டேன். வண்டி உயிரோடு இருந்தது. அப்படியே அரைக்குந்தாக நின்றேன், ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் உட்கார்ந்தேன். அணைந்துவிட்டது.

'நான் உக்காந்தா நின்னுடுது. எழுந்துட்டா ஓடுது.' அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பிசகில்லை.

கீழே இறங்கி அந்த மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் அண்ணன் காலையில் சொன்னது உறைத்தது. ஆளே இல்லாமல் ஜம்மென்று ஓடுகிறதாம்! ஆள் இல்லாமல் பிளேடு சுற்றவே கூடாது. அதற்குத்தானே அந்த சுவிட்ச்? அதைத்தானே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நாங்கள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம்? கண்ணெதிரே காலி சீட்டோடு பிளேடு சுற்றுகிறது, ஊருக்கே புத்தி சொல்கிற நாங்கள் அதைக் காட்டிச் சிரிக்கிறோம். பார்த்த மாத்திரத்தில் பதறியிருக்க வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே பல்லை இளித்துக்கொண்டு நின்றோம். எனக்கு முகம் காதுவரை எரிந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாததுதான் அப்போது இருந்த ஒரே நல்ல விஷயம்.

அண்ணன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தான். "உக்காந்து பாரு" என்றேன்.

"உனக்குமா பைத்தியம் பிடிச்சிருக்கு?"

"உக்காந்து பாருடா!"

நான் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. பேசாமல் ஏறி உட்கார்ந்தான். கிளப்பினான், பிரேக்கை விட்டான், அணைந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. இறங்கி, சீட்டைக் கவிழ்த்து, சுவிட்சைக் கழற்றி, கரண்ட் பாய்கிறதா என்று காட்டும் மீட்டரில் வைத்தான். இதில் இரண்டு ஜாதி உண்டு. அமுக்கினால் இணைகிற சுவிட்ச் ஒன்று, அமுக்கினால் பிரிகிற சுவிட்ச் இன்னொன்று. சில வண்டிகளுக்கு அது, சில வண்டிகளுக்கு இது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மீட்டரில் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எடுத்துக் கொடுத்த நானும் தொட்டுப் பார்க்கவில்லை, மாட்டிய அவனும் தொட்டுப் பார்க்கவில்லை. நேர் தலைகீழான சுவிட்சை மாட்டி அனுப்பியிருக்கிறோம்.

பின்பக்கம் கிடந்த ஒரு பழைய வண்டியிலிருந்து சரியான சுவிட்சைக் கழற்றி வந்து அண்ணன் மாட்டினான். இந்த முறை உட்கார்ந்து பார்த்தான், எழுந்து பார்த்தான், மறுபடி உட்கார்ந்து பார்த்தான். எல்லாம் முறையாக வேலை செய்தது. கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் பேசினான்.

"இது நமக்குள்ள இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். நோயாளிங்க நடமாடற இடத்துல ஆள் இல்லாம பிளேடு சுத்தற வண்டியைக் குடுத்தோம்னு பேர் வந்தா, கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். மாப்பிள்ளைக்கு நான் வேற வேலை பாத்துத் தர்றேன். இல்லன்னா இங்கயே நம்மகூட இருக்கட்டும்."

ஒரு கணம் எனக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். கடை போனால் என் பிழைப்பும் போகும். அவர்தான் எதையும் தாங்கிக்கொள்கிறவராயிற்றே, இதையும் தாங்கிக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். "சரி" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

கவுண்டருக்குப் போகத் திரும்பினேன். தொடை விண்விண்ணென்று தெறித்தது. சீட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றதற்கே என் கால் இந்தப் பாடு படுகிறது. அவர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அப்படி நின்றிருக்கிறார், குலுங்குகிற வண்டியில், ஜன்னல்களில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவும் சொன்னார். நான் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தேன். சீ, நானெல்லாம் ஒரு பெண்டாட்டியா என்று இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு. நீ வந்தா வா, வராட்டி போ."

"அடியே, சொன்னாக் கேளு! என் கடைடி அது!"

"அவரு என் வீட்டுக்காரருண்ணா."

பஸ்ஸைப் பிடித்து நான் போய் இறங்கியபோது ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். பைக்கில் எனக்கு முன்னால் வந்துவிட்டான். என்னைத் தடுக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே, "நீயே பேசு. எனக்கு வாய் வராது" என்றான். பட்டறையில் அத்தனை வாய் பேசுகிறவன்! இரண்டு பேரும் சூப்பர்வைசர் அறைக்குள் போனோம். அவர் உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்துக் கொடுத்தது நான் என்பதையும் விடவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "மாட்டினது நான் சார். தப்பு என் கைல" என்றான். சூப்பர்வைசர் பேனாவை மூடினார், திறந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"என்னம்மா சொல்றீங்க? உங்க வீட்டுக்காரரே மத்தியானம் எனக்கு போன் பண்ணி ஒத்துக்கிட்டாரே?"

"என்னன்னு?"

"வண்டில ஒரு குறையும் இல்ல சார், நான்தான் ஏதோ தப்பா ஓட்டியிருக்கேன், மன்னிச்சிடுங்க, இன்னொரு வாய்ப்புக் குடுங்கன்னாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன்." அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். பிறகு, "நான்கூட அந்த சீட்டுல ஒரு தடவை உக்காந்து பாத்திருக்கலாம்" என்றார்.

என் வீட்டுக்காரரை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லும்படி சொன்னார். நிரந்தரம் செய்வதில் இனி தடை இல்லை என்றும் சொன்னார். அண்ணனிடம், இதுவரை அவன் கை பட்டுப் போன வண்டிகளையெல்லாம் வேறு ஆளை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் பேச முடியும் என்றார். அண்ணன் தலையாட்டினான். வெளியே வந்ததும் "உன்னை வீட்டுல விடவா?" என்று கேட்டான். "வேண்டாம்ணா, நீ போ" என்றேன். அவனும் வீட்டு வாசல்வரை வரத் துணியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த போன் விஷயம்தான் மண்டையைக் குடைந்தது. பிழைப்புக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார், பாவம், நான் சொன்னதைக் கேட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால்கூடத் தேவலாம், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் படியேறினேன்.

அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் கால்களை நீட்டி, சுடுநீரில் நனைத்த துண்டைத் தொடைமேல் போட்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் நின்று சொல்லி முடித்தேன். சுவிட்ச் தலைகீழ் என்றேன். எடுத்துக் கொடுத்தது நான் என்றேன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டோம், நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்றேன். அவர் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நெஜமாவே நின்னுச்சா?" என்றார்.

"என்னங்க கேள்வி இது? ஓட்டினவர் நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் இருந்தேன். உங்க அண்ணன் சிரிச்சப்பகூட, பட்டறையே சிரிச்சப்பகூட எனக்கு ஒண்ணும் தோணலை. அவங்களுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? அப்பறம் நீயும் சிரிச்சியா... இத்தனை வருஷமா கூட இருக்கறவ, இவளுக்கே இது வேடிக்கையா இருக்குன்னா, அப்ப நம்ம தலைலதான் ஏதோ கோளாறுன்னு தோணிடுச்சு. அதான் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவர் குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி தொடைமேல் போட்டுக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிலயே டாக்டர்கிட்ட இந்தத் தலையைக் காட்டிடலாம்னு ஓ.பி. சீட்டு போட்டு வச்சிருந்தேன். இனிமே வேண்டாம்ல?"

"வேண்டாங்க" என்றேன்.